பல்லுக்குத் தெரிந்த அளவு

மச்சான் லோகேஷ் ஈயம் காய்ச்சும் நாட்களில் பகலவன் வீட்டில் இருப்பதில்லை. அடுப்பில் விறகு வைக்கும் சத்தம் கேட்டதுமே சட்டையை மாட்டிக்கொண்டு படப்பை ரோட்டுக்குக் கிளம்பிவிடுவான். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்குப் போக இடமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடை பெஞ்சில் ஒரு டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். கம்பெனி பஸ்கள் ஆட்களை அடைத்துக்கொண்டு போகும். ஜன்னலோரம் தூங்கும் முகங்களில் ஒன்றிரண்டு தெரிந்த முகமாக இருக்கும். அப்போது கடைப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான்.

அவன் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அதனால்தான் வீட்டில் இருந்தான்.

ஒரகடத்தில் ஒரு பேட்டரி கம்பெனியில் ஐந்து வருடமாகக் கான்ட்ராக்ட் ஆள். தட்டுகளில் ஈயப்பொடிக் குழம்பைப் பூசும் லைன். மூக்குக்கு மாஸ்க், கைக்கு உறை, ஷிப்ட் முடிந்தால் குளியல், தினம் ஒரு வாழைப்பழம், வாரத்துக்கு ஒரு பொட்டலம் வெல்லம். அத்தனையும் கொடுத்துவிட்டு அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். ஈயம் எவ்வளவு என்று ஒரு நம்பர் வரும். ஐம்பதைத் தாண்டினால் லைனை விட்டு இறக்கிவிடுவார்கள். நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் மறுபடி ஏற முடியும். பர்மனென்ட் ஆளை அதுவரை பேக்கிங்கில் உட்காரவைத்துச் சம்பளம் தருவார்கள். கான்ட்ராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பகலவனுக்கு ஐம்பத்தாறு வந்தது. வீட்டில் இருந்தான். இரண்டு மாதம் கழித்து நாற்பத்தொன்பது. இன்னும் இரண்டு மாதம் கழித்து நாற்பத்து நாலு. மூன்றாவது முறையும் நாற்பதுக்குக் கீழே வராவிட்டால் கம்பெனி கார்டைக் கத்தரித்துவிடுவதாகக் கான்ட்ராக்டரின் இன்சார்ஜ் பிரவீன்குமார் சொல்லியிருந்தான்.

முப்பத்தைந்து வயது. ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரைக்கும் கேட் கேட்டாக நின்று பார்த்துவிட்டான். பதினெட்டிலிருந்து இருபத்தாறு வரை என்று எல்லாக் கேட்டிலும் எழுதி ஒட்டியிருந்தது. இந்தக் கார்டு போனால் அந்த ரோட்டில் அவனுக்கு வேறு கார்டு கிடையாது.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி பூர்ணிமாவோடு சேரப்பணஞ்சேரியில் அவள் அண்ணன் லோகேஷின் வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. லோகேஷ் எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்ததில்லை. சுற்று வட்டார ஏரிகளில் வீச்சு வலை போடுவான். வலை பின்னுவான். வலைக்கு ஈயக்குண்டு செய்து மணிமங்கலத்திலும் செம்பரம்பாக்கத்திலும் இருக்கும் வலைக்காரர்களுக்கு விற்பான். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் மாப்பிள்ளைக்கு எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள்.

கார்களுக்கு வீல் பேலன்ஸ் செய்யும் டயர் கடைகளில், சக்கரத்திலிருந்து கழற்றிப் போடும் சின்னச் சின்ன ஈயக்கட்டிகள் கிடைக்கும். லோகேஷ் ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து ஒவ்வொரு கடையாக அலைந்து அவற்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவான். முன்பெல்லாம் அத்தனையும் ஈயம். இப்போது பாதிக்குப் பாதி இரும்பும் துத்தநாகமும். ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்ப்பான். கோடு விழுந்தால் ஈயம். துத்தநாகம் ஒரு துண்டு தெரியாமல் உள்ளே விழுந்தாலும் சட்டி முழுவதும் கூழ் மாதிரி திரண்டுவிடும், அச்சில் ஓடாது. சந்தேகம் வந்த துண்டைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பான்.

கிணற்றுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பு. பழைய இரும்பு வாணலி. ஈயம் உருகியதும் கட்டிகளில் ஒட்டியிருந்த இரும்புக் கிளிப்புகள் மேலே மிதந்து வரும். அதோடு டயர்க் கறுப்பு, பெயின்ட், எண்ணெய் எல்லாம் கசடாகப் பொங்கும். கசடு பிரிய ஒரு மெழுகுவத்தித் துண்டை உள்ளே போடுவான். குப்பென்று பிடித்துக்கொண்டு புகை எழும்பும். குனிந்து, புகையை வாயால் ஊதி விலக்கி, கசடை அரிகரண்டியால் வழித்துக் கொட்டுவான். அடியில் ஈயம் கண்ணாடி போல் கிடக்கும். அதைக் குழிக்கரண்டியில் மொண்டு அச்சாக வைத்திருக்கும் அலுமினிய ஜன்னல் சானலில் ஊற்றுவான். ஆறியதும் பட்டை பட்டையாகக் கழன்று வரும். சுத்தியால் தட்டி மெல்லிசாக்கி, கத்தரியால் கட்டைவிரல் நக அளவுக்கு வெட்டுவான்.

அதன் பிறகுதான் லோகேஷின் வித்தை. வலையின் அடிக்கயிற்றைக் காலின் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து ஈயத்துண்டுகளை அள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். ஒவ்வொன்றாக நாக்கால் முன்னே தள்ளி, கயிற்றைச் சுற்றி மடித்து, ஒரே கடி. குண்டு கயிற்றைக் கவ்விக்கொள்ளும்.

"பிளேயர் வெச்சி நசுக்கேன் மச்சான்" என்று பகலவன் ஒருநாள் சொன்னான். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்போதும் கிணற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

லோகேஷ் கன்னத்தில் இருந்ததை உள்ளங்கையில் துப்பினான். "பிளேயரு நூல நசுக்கிடும் மாப்ள. அப்பறம் நாலாவது வீச்சுல கயிறு அறுந்துரும். எவ்ளோ அமுக்கணும்னு பல்லுக்குத்தான் தெரியும்."

"பல்லு போயிடும்."

"போனா இன்னா, பொண்ணா பாக்கப் போறேன்?" மறுபடி வாயில் போட்டுக்கொண்டான். "நீ ஏன் அங்கியே நிக்கிற? இது ஒண்ணும் கடிக்காது, வா."

"டாக்டரு ஈயத்தாண்டயே போவக்கூடாதுன்னு சொல்லிகீறாரு."

"அது உன் கம்பெனி ஈயம். மிஷின்ல அரைக்கிற பவுடரு. இது கட்டி. எங்க மாமா காலத்துலேர்ந்து கடிச்சிகினு கீறோம்."

பகலவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கம்பெனியில் பாதுகாப்புப் பாடம் எடுத்தபோது காட்டிய படங்களில் எல்லாம் தூசிதான் இருந்தது. யாரும் எதையும் கடிக்கும் படம் இல்லை. தன்னுடையது நிரம்பிய குடம், அதனால் ஒரு சொட்டுக்கூட ஆகாது. லோகேஷினுடையது காலிக் குடம். அப்படித்தான் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். புகையை விட்டுத் தான் தள்ளி நின்றால் போதும் என்று நினைத்தான். மற்றவர்களைப் பற்றி அவன் எதுவும் நினைக்கவில்லை.

மூன்றாவது ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் இருந்தபோது அவனுக்குத் தூக்கம் போயிற்று. நாற்பத்து நாலு நாற்பதுக்குக் கீழே இறங்கியிருக்குமா என்று யாரிடம் கேட்பது? வெல்லம் தின்றான். முருங்கைக்கீரையை மூன்று வேளையும் தின்றான். பால் குடித்தால் இறங்கும் என்று ஒருவன் சொன்னான், குடித்தான். குளித்துக்கொண்டே இருந்தான். பூர்ணிமா, "தோலு உரிஞ்சி வந்துரும்யா, போதும்" என்றாள். அவள் கல்லூரி கேன்டீன் வேலைக்குத் தண்டலம் போய்வந்துகொண்டிருந்தாள். விடுமுறை விட்டதும் அதுவும் நின்றிருந்தது. வீட்டில் அடுப்பெரிவது லோகேஷின் மீனிலும் ஈயக்குண்டிலும்தான்.

அன்று லோகேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாளாகவே வயிறு கட்டிக்கொள்கிறது என்று சோடா குடிப்பான். படப்பை டாக்டர் கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை கொடுத்திருந்தார். பகலவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மச்சான், ஒரு உதவி வோணும்."

"இன்னா?"

"ரத்தம்."

லோகேஷ் சிரித்தான். "தங்கச்சியவே குடுத்தாச்சு. ரத்தம் இன்னா பெரிய ரத்தம். எவ்ளோ வோணும், அரை லிட்டரா?"

பகலவன் விளக்கிச் சொன்னான். ரத்தம் எடுப்பது கம்பெனிக்குள்ளே இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்குக் கூட்டு ரோட்டில் டிபன் கடைக்கு மாடியில் இருக்கும் கான்ட்ராக்டர் ஆபீஸில் எடுப்பார்கள். லேப்பிலிருந்து வருகிறவனுக்கு யாரையும் தெரியாது. கார்டைப் பார்ப்பான், பேரைக் கேட்பான், ஊசியைக் குத்துவான். கார்டில் இருப்பது ஐந்து வருடத்துக்கு முந்தைய போட்டோ. லோகேஷுக்குத் தாடி இருக்கிறது, மாஸ்க் போட்டுக்கொண்டால் முடிந்தது.

"உன் உடம்புல ஒண்ணும் இருக்காது. அஞ்சு வரும், பத்து வரும். அத்தோட நான் உள்ள பூடுவேன்."

"அஞ்சுன்னா சந்தேகப்பட மாட்டானா?"

"ஊர்ல இருந்தேன், ஏரிக்காத்துன்னு சொல்லிக்கிறேன்."

"உங்க அப்பா பேரு கேட்டா?"

"ராமன்."

"ராமன்" என்று லோகேஷ் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "போறேன் மாப்ள. எனுக்கும் உன்ன டீக்கடைல பாக்க ஒரு மாதிரி கீது."

பூர்ணிமாவிடம் சொல்லவில்லை. புதன்கிழமை காலை இருவரும் ஒரே பைக்கில் போனார்கள். பகலவன் எதிர்சாரியில் நின்றான். லோகேஷ் இருபது நிமிடத்தில் முழங்கையில் பஞ்சோடு இறங்கி வந்தான். வெற்றி பெற்றவன் போலக் கையை ஆட்டினான். "அப்பன் பேரெல்லாம் கேக்கவே இல்ல. வேஸ்ட்டா மனப்பாடம் பண்ணேன்." பகலவன் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். லோகேஷ் பாதியில் வைத்துவிட்டான். வயிறு சரியில்லை என்றான்.

ஐந்தாம் நாள் பிரவீன்குமாரிடமிருந்து போன் வந்தது. "மெடிக்கல் ரூமுக்கு வா. நர்ஸ் உன்ன நேர்ல பாக்கணுமாம்."

"நம்பர் இன்னா சார்?"

"வாயா, வந்து கேளு."

கம்பெனி மருத்துவ அறையில் நர்ஸ் சௌந்தர்யா கம்ப்யூட்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்து வருடமாக அவனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தவள்.

"உட்காருங்க பகலவன். வயித்து வலி இருக்கா?"

"இல்ல சிஸ்டர்."

"மலச்சிக்கல்? கை கால் மரத்துப்போறது? வாய்ல இரும்பு மாதிரி டேஸ்ட்?"

"ஒண்ணும் இல்லயே."

"கையை நீட்டுங்க. மணிக்கட்டை மேல தூக்குங்க. ம்." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "எழுபத்தெட்டு."

அவனுக்கு முதலில் அது யாருடைய நம்பர் என்றே பிடிபடவில்லை.

"நாலு மாசத்துல நாப்பத்து நாலுக்கு வந்தவர் வீட்ல உக்காந்துட்டு எப்படி எழுபத்தெட்டு ஆவீங்க? இங்க லைன்ல நிக்கிறவங்களுக்கே நான் இப்படிப் பார்த்ததில்ல. வீட்ல என்ன பண்றீங்க? பேட்டரி உடைக்கிறீங்களா? எதையாவது உருக்குறீங்களா?"

கிணற்றடி அவன் கண்ணில் நின்றது. புகை, அரிகரண்டி, உப்பிய கன்னம்.

"இல்ல சிஸ்டர்."

"அப்ப லேப் தப்பாத்தான் இருக்கணும். உங்களுக்கு ஒரு அறிகுறியும் இல்ல. இந்த நம்பரை நான் மேல அனுப்பினா இன்னைக்கே கார்டு போயிடும். வாங்க, நானே எடுக்கிறேன்."

அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள். அவனுடைய சொந்தக் கையிலிருந்து அவனுடைய சொந்த ரத்தம் குழாயில் ஏறியது. வெளியே வரும்போது அந்த எழுபத்தெட்டை ஒரு தாளில் அச்செடுத்துக் கேட்டான். எதற்கு என்றாள். சும்மா என்றான். கொடுத்தாள்.

அன்று மாலையே லோகேஷிடம் சொன்னான். பூர்ணிமாவும் இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை. ரத்தம் மாற்றிக் கொடுத்தது, எழுபத்தெட்டு, அது லோகேஷின் உடம்பு, அந்த வயிற்று வலி கேஸ் இல்லை, ஈயம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

லோகேஷ் தாளை வாங்கிப் பார்த்தான். "இதுல உன் பேரு போட்டுகீது."

"ரத்தம் உன்னுது மச்சான்."

"என் ரத்தம்னா என் பேரு போட்டிருக்கணும்." தாளைத் திருப்பிக் கொடுத்தான். "மாப்ள, பிளானு ஊத்திகிச்சி, சரி. அதுக்கு என் மேல ஏன் தள்ற? நீ நிக்கிற லைன்ல நானா நின்னேன்?"

"படப்பைல லேப் கீது. நாளைக்கு ஒரு தடவ வா. உன் பேர்லயே எடுப்போம்."

"ஒரு தடவ குத்தினது போதும். எடுத்து, அதிகம்னு வந்தா இன்னா பண்றது? அடுப்ப இடிச்சிடவா? உங்க ரெண்டு பேருக்கும் சோறு எங்கேந்து வரும்?"

பகலவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

பூர்ணிமா எழுந்தாள். "யோவ். எங்க அண்ணன் ரத்தத்த எடுத்துகினு போனியே, என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"வேலைக்காகத்தான்..."

"ஈயம் விஷம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிதானே அடுப்பு மூட்டினதும் ஓடிப்போற? நீ ஓடினியே, எங்கள கூப்புட்டியா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் விளக்கத் தொடங்கினாள். சாம்பலோடு கரண்டிகள் உரசும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அவன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் லோகேஷுக்கு என்ன செய்வது என்று கேட்டான். நோயாளி எங்கே என்றார் டாக்டர். வரமாட்டான் என்றான். தாளைப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே பகலவன், நீங்கள் அட்மிட் ஆகுங்கள் என்றார். இல்லை என்று அவன் தொடங்கினான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. எழுந்து வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பிரவீன்குமார் கூப்பிட்டான். குரலே வேறாக இருந்தது. "முப்பத்தெட்டுப்பா! லேப்காரன் எதையோ மாத்தி வெச்சிருக்கான். அந்தப் பழைய ரிப்போர்ட்ட கேன்சல் பண்ணியாச்சு. திங்கக்கிழமை ஏ ஷிப்ட். பஸ்ஸுல உன் பேரு போட்டுட்டேன்."

முப்பத்தெட்டு. அவன் தன் கையையே கொடுத்திருந்தால் முதல் நாளே உள்ளே போயிருப்பான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை யோசித்தும் அது மாறவில்லை.

லோகேஷுக்கு அளவு கடந்த சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை விரால் பிடித்துக் கொண்டுவந்தான். "பாத்தியா? மிஷின் தப்புன்னு கம்பெனியே சொல்லிருச்சி. எழுவத்தெட்டாம், எழுவத்தெட்டு! உன் பேச்ச கேட்டு அடுப்ப இடிச்சிருந்தா?" குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது சோற்றை இடது கையால் பிசைந்தான். பூர்ணிமா ஏன் என்று கேட்டாள். வலது கை தூங்கின மாதிரி இருக்கிறது, வலை வீசி வீசி நரம்பு பிசகியிருக்கும் என்றான். அன்று வலை ஒரு தடவைகூட வட்டமாக விரியவில்லையாம். விராலைத் தூண்டிலில்தான் பிடித்தானாம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பகலவன் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. செம்பரம்பாக்கத்தில் ஒருவனுக்கு இரண்டு வலைக்கான குண்டு அவசரமாக வேண்டுமாம். வாணலியில் மெழுகு போட்டாகிவிட்டது. புகை மேலே போகாமல் தரையோடு படர்ந்திருந்தது.

கரண்டி பூர்ணிமாவின் கையில் இருந்தது.

முந்தானையை மூக்குக்கு மேல் கட்டியிருந்தாள். லோகேஷ் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் வலது கை முழங்காலின் மேல் கிடந்தது. மணிக்கட்டிலிருந்து கீழே துவண்டு தொங்கியது, ஈரத்துணியைக் கொடியில் போட்டது போல. "கொஞ்சம் கொஞ்சமா ஊத்து தங்கச்சி. நடுவுல நிறுத்தினா பட்டை உடைஞ்சிரும். ஆங், அப்படித்தான்."

"பூர்ணிமா, கரண்டிய கீழ வை" என்றான் பகலவன்.

"பஸ்ஸு வந்துரும், போ."

"கீழ வைன்றேன்."

"அண்ணனால தூக்க முடில. ஒரு நாளைக்குத்தான். நீ சம்பளம் வாங்கற வரைக்கும் இன்னா துன்றது?"

"அது விஷம்டி."

அவள் திரும்பிப் பார்த்தாள். முந்தானைக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. "நீ இப்ப எங்க போற? கோயிலுக்கா? அதே ஈயத்துல நிக்கத்தானே போற? உனுக்கு ஆவும், எனுக்கு ஆவாதா?"

லோகேஷ் சிரித்தான். சிரிப்பு வயிற்றில் பிடித்துக்கொள்ள, குனிந்தான். குனிந்தபடியே இடது கையால் வெட்டிய துண்டுகளைப் பொறுக்கித் தங்கையின் பக்கம் நகர்த்தினான். "இது முடிஞ்சதும் கடிக்கக் கத்துத் தரேன். உன் பல்லு என் பல்ல விட நல்லாகீது."

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. பகலவன் ஒரு அடி முன்னால் வைத்தான். கரண்டியைப் பிடுங்கலாம். பிடுங்கினால் இன்றைக்கு ஊற்ற மாட்டார்கள், நாளைக்கு அவன் ஷிப்டில் இருக்கும்போது ஊற்றுவார்கள். வாணலியைக் கவிழ்க்கலாம். தரையில் கொட்டியதைச் சுரண்டி எடுத்து மறுபடி உருக்குவார்கள். ஈயம் வீணாகாது. மறுபடி ஹாரன். அவன் ஓடினான்.

பஸ்ஸில் பழைய ஆட்கள் முதுகில் தட்டினார்கள். "வந்துட்டியா, மாமியார் வூட்டு விருந்து முடிஞ்சிதா?" என்றான் ஒருவன். கேட்டில் கார்டைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. ஆறு மாதமாக அவன் கண்ணை மூடினால் எரிந்த விளக்கு. இடது பக்கம் லைன், வலது பக்கம் மருத்துவ அறை. வலது பக்கம் திரும்பினான்.

சௌந்தர்யா அப்போதுதான் பையை வைத்திருந்தாள். "லைனுக்குப் போகாம இங்க என்ன?"

"அந்த எழுபத்தெட்டு லேப் தப்பு இல்ல சிஸ்டர்."

சொன்னான். நின்றபடியே சொன்னான். அவள் நடுவில் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் இன்னும் எதுவும் எழுதல" என்றாள். "நீங்க லைனுக்குப் போகலாம். அவரை வெளியில எங்கயாவது கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுங்க."

"வரமாட்டான். என் பேர் போட்ட பேப்பர நம்ப மாட்டேன்றான். இப்ப நீங்களும் கேன்சல் பண்ணிட்டீங்க. அவன் பேர்ல ஒரு பேப்பர் வோணும் சிஸ்டர். அவன் பேரு போட்டு, எழுபத்தெட்டுன்னு."

"அப்படின்னா நடந்ததை எழுதணும். கேன்சல் பண்ணதைத் திரும்ப எடுக்கணும், ஏன்னு கேப்பாங்க. கான்ட்ராக்டருக்குப் போகும். உங்க கார்டு இருக்காது."

"தெரியும்."

அது உண்மையில்லை. அவனுக்கு இன்னும் தெரியவில்லை. நாளைக் காலை டீக்கடை பெஞ்சில் உட்காரும்போது தெரியும். ஷிப்ட் சங்கு ஊதியது. கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டே ஓடினார்கள். அவனுடைய இடத்தில் யாராவது நிற்பார்கள்.

"கை தொங்குதுன்னு சொன்னீங்களே" என்றாள் அவள். "மணிக்கட்டைத் தூக்கவே முடியலையா?"

"முடியல."

"அப்ப இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். நாள் கடத்தினா கை திரும்பாமலே போயிடலாம். டாக்டர் வந்ததும் லெட்டர் வாங்கித் தரேன்." டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தாள். திறந்த பேனாவோடு இன்னொரு தடவை அவனைப் பார்த்தாள். அவன் நகரவில்லை. "முழுப் பேர்?"

"லோகேஷ். அப்பா பேரு பழனிவேல்."

"வயசு?"

தெரியவில்லை. மனைவியின் அண்ணன், ஐந்து மாதமாகச் சோறு போடுகிறவன், என்ன வயது என்று தெரியவில்லை. போனை எடுத்துப் பூர்ணிமாவைக் கூப்பிட்டான். நான்காவது மணியில் எடுத்தாள்.

"இன்னாய்யா, ஊத்திகினு கீறேன்."

"அண்ணனுக்கு இன்னா வயசு?"

"இன்னாத்துக்கு?"

"சொல்லு."

பின்னால் லோகேஷ் யார் என்று கேட்பது கேட்டது. "முப்பத்தெட்டு" என்றாள் அவள். "ஏன், பொண்ணு கிண்ணு வந்துகீதா?"

"கரண்டிய வெச்சிட்டு அவன கூட்டிகினு கம்பெனி கேட்டாண்ட வா. ஆட்டோ புடிச்சி வா. அவன் பேர்ல பேப்பரு ரெடியாவுது."

"சட்டில பாதி கீதுயா, ஆறிடும்."

"ஆறட்டும்."

அவள் போனை வைத்தாள். வருவாளா என்று தெரியவில்லை. பகலவன் நர்ஸைப் பார்த்து, "முப்பத்தெட்டு" என்றான். அவள் எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் பேனா நகர்ந்தது.

"அந்த வீட்ல வேற யாராவது அடுப்புகிட்ட நிக்கிறாங்களா?"

"பூர்ணிமா."

"வயசு?"

"இருபத்தொன்பது" என்றான். அதை அவன் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.